நாலு மணிக் கல்

ஏப்ரல் 7, செவ்வாய். நேற்றைய பக்கத்தில் நான்கு முறை என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. மூன்று முறைதான். நான்காவது முறை முகேஷ் கன்னத்தில் அறைந்துகொண்டது கொசுவுக்காக. செத்த கொசு கன்னத்தில் ஒட்டியிருந்ததாம், அம்மா இன்று காலையில்தான் சொன்னாள். பழைய எண்ணை அடிக்காமல் திருத்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்படி எழுதி முடித்த பிறகும் பொன்செல்விக்கு மனம் ஆறவில்லை. கொசு கடித்தால் தம்பிக்கு அடிக்கத் தெரிகிறது என்பது நல்ல செய்திதானே, அதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டாமா என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டில் இருந்தது நான்கே கட்டங்கள். நேரம், முன்னால் நடந்தது, அவன் செய்தது, பின்னால் நடந்தது. ஸ்கேல் வைத்து அவளே கோடு போட்டவை.

மாட்டுங்காவில் மாலைக் கல்லூரியின் இரண்டாம் வருஷ காமர்ஸ் வகுப்பு அது. வகுப்பு ஆறே முக்காலுக்கு. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பிப்பொடிக் கடையில் பில் போடும் வேலை முடித்து, ஆறு மணிக்குப் படியிறங்கும்போதே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள். அம்மா முருகம்மாளுக்குக் கை நிறைய மாவு இருக்கும். முழங்கையால் போனை அமுக்கி ஸ்பீக்கரில் பேசுவாள்.

"இன்னைக்கு எத்தன தடவம்மா?"

"மூணு தடவ. இல்ல, நாலு."

"மணி என்ன இருக்கும்?"

"நான் மணியப் பாப்பனா, மாவப் பாப்பனா?"

"அதுக்கு முன்ன என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலட்டி. சும்மாதான் இருந்தோம்."

தினமும் இதே பேச்சு. பொன்செல்வி வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா சொன்னதைக் கட்டங்களில் நிரப்புவாள். இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சுடிதாரில் காப்பி வாசனை வீசும். பக்கத்துப் பெண்கள், ஃபில்டர் வந்தாச்சு என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு நோட்டை மூடிக்கொள்வாள்.

முகேஷுக்குப் பதினைந்து வயது. நாலு வயதுப் பிள்ளையின் அறிவு என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் பேசுவான். ஒரு வேலை மட்டும் அந்த வீட்டில் அவனைப் போல யாருக்கும் வராது. இட்லித் துணிகளை அலசி, ஒரு சொட்டு விடாமல் முறுக்கிப் பிழிந்து, சந்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் காயப்போடுவான். ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவே சரியாக நான்கு விரல். இடைவெளி பிசகினால் எல்லாத் துணியையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து போடுவான். யார் அவசரப்படுத்தினாலும் கேட்கமாட்டான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அவர்களுடையது. மேலே படுத்துக்கொள்ள ஒரு பரண். கீழே கொப்பரை, அடுப்பு, அண்டாக்கள், சுவரோரம் பத்து லிட்டர் கிரைண்டர். அப்பா வானமாமலை விடிவதற்குள் சைக்கிளின் பின்னால் இட்லி அண்டாவையும் இரண்டு சட்னித் தூக்குகளையும் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி செம்பூருக்குப் போவார். அங்கே பஸ் டெப்போவுக்கு எதிர் மூலை அவருடையது. பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, தின்று, தூங்கிவிடுவார். முகேஷ் பத்திலிருந்து ஒன்று வரை ஒரு டிரஸ்ட் நடத்தும் மையத்துக்குப் போவான். நாலு மணிக்கு முருகம்மாள் மாவு ஆட்டத் தொடங்குவாள். நாலு மணிக்கு ஆட்டினால்தான் மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு முதல் ஈடு வைக்கும்போது மாவு பொங்கிப் பக்குவமாக நிற்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புளித்ததையும் புளிக்காததையும் சாக்கடையில் கொட்டிக் கொட்டிக் கற்றுக்கொண்டாள்.

முகேஷுக்கு மீசை அரும்பிய வருஷம் அது தொடங்கியது. உள்ளங்கையை விரித்து நெற்றிப்பொட்டில் அடித்துக்கொள்வான். தடுக்கப் போனால் கையைக் கடிப்பான். முருகம்மாளின் வலது மணிக்கட்டில் பல் பதிந்த வடு வளையல்போலச் சுற்றி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, டாக்டர் முன்னால் மூன்று நிமிஷம் உட்கார்ந்தார்கள். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே பொன்செல்வி எழுதியிருந்தாள். பத்தாம் நாள் அடிப்பது நின்றது. பதினைந்தாம் நாள் கடிப்பதும் நின்றது. பிறகு அவன் தின்னத் தொடங்கினான். ஒரு ஈடு இட்லியைத் தனியாளாகத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். எட்டு மாதத்தில் பதினோரு கிலோ ஏறினான். எச்சில் வடிந்து சட்டையின் முன்பக்கம் எப்போதும் நனைந்திருந்தது. மையத்தில் மேஜைமேல் தலை வைத்துத் தூங்கினான். துணியைக் கையில் கொடுத்தால் பிழிய வேண்டும் என்பது மறந்துபோய் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். துணியிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

முருகம்மாள்தான் அதைச் சொன்னாள். "பிள்ள அடிக்கல, சரி. ஆனா பிள்ளயவே காணுமே."

மையத்தில் அவனுக்கு டீச்சர் ஷாலினி. முலுண்டிலிருந்து ரயிலில் வருபவள், அவளும் தமிழ்க் குடும்பம்தான். ஒரு பிள்ளை அடித்துக்கொள்கிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும், காரணம் தெரிந்தால் வேறு வழி காட்டலாம் என்றாள். அவளே ஆஸ்பத்திரிக்கு உடன் வந்து டாக்டரிடம் பேசினாள். டாக்டர் மறுக்கவில்லை. ஜனவரியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மார்ச் முதல் வாரம் மாத்திரையை நிறுத்தினார். ஏப்ரல் 28ஆம் தேதி பையனையும் எழுதி வைத்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். அடிப்பது குறைந்திருந்தால் இப்படியே விடலாம், இல்லையென்றால் மறுபடி மாத்திரைதான், வேறு வழியில்லை என்று கார்டில் எழுதினார்.

மாத்திரை நின்றதும் முகேஷ் திரும்பி வந்தான். துணி காயப்போட வந்தான். அடித்துக்கொள்ளவும் வந்தான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் மூன்றரை இருக்கும், கிங்ஸ் சர்க்கிளில் கரண்டு போனது. காப்பிப்பொடிக் கடையில் கொட்டை அரைக்கும் மெஷின் நின்றது. பொன்செல்வி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். தெருவில் பூக்காரி யாரிடமோ பேசுவது கேட்டது. ஒரு டாக்ஸியின் கதவு மூடும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என்னம்மா, மெஷின் நின்னா மூளையும் நின்னுடுத்தா?" என்றார் முதலாளி சந்திரமௌலி.

பொன்செல்வி பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். முதல் கட்டத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். நாலு பத்து. நாலரை. ஐந்து. நாலு இருபது. ஐந்தே முக்கால். அடிக்காத நாட்கள் இரண்டே. ஒன்று, லேபர் கேம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ராத்திரி வரை கரண்டு இல்லாத நாள். இன்னொன்று, ஒரு கல்யாணத்துக்காக எல்லாரும் கல்யாண் ஊருக்குப் போய்வந்த நாள். அன்று மாவு ஆட்டவில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்த வீட்டில் நடக்கிற விஷயம் இல்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்று யாராவது சொல்வார்களா? நானும் அந்த வீட்டில்தானே பிறந்தேன், பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை என்று எழுதும்போது எனக்கும் ஏன் தோன்றவில்லை என்று பொன்செல்வி தன்னையே நொந்துகொண்டாள். அன்று மாலை நோட்டில், இருபத்து நான்கு நாட்களின் இரண்டாவது கட்டமும் தவறு என்று எழுதினாள்.

சனிக்கிழமை ஷாலினி வீட்டுக்கே வந்தாள். கிரைண்டரை ஓடவிட்டுப் பார்த்தாள். தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவரும் சேர்ந்து அந்தக் கல்லின் சத்தத்தை உருட்டி உருட்டித் திருப்பி அனுப்பின. அவளே இரண்டு நிமிஷத்தில் வாசலுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் கிரைண்டர்களை முகேஷ் பொறுத்துக்கொண்டான், சுவருக்கு அப்பால் அவை வெறும் முனகல். தாங்க முடியாதது இந்தக் கல்தான்.

அவள் சொன்ன வழி எளிதாகத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அவனுக்குப் பிடித்ததைக் கையில் கொடுத்து, காதில் விழுந்தும் விழாததுமாகப் போட்டுக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு படி கூட்ட வேண்டும். ஆறு மாதம் ஆகலாம், பழகிவிடுவான். ஆனால் அந்த ஆறு மாதமும் உண்மையான கல் அவன் காதருகே ஓடக் கூடாது. ஒரு நாள் ஓடினாலும் மறுபடி முதலிலிருந்து.

காது மூடும் ஹெட்ஃபோன் ஒன்றை மையத்திலிருந்து கொடுத்தாள். முகேஷ் அதைக் கழற்றி உளுந்து மாவில் போட்டான். மதிய வகுப்புக்கு அவனை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள், அது சின்னப் பிள்ளைகளுக்கு. வேறு வீட்டுக் கல்லில் ஆட்டலாம் என்றால், சந்தில் இட்லி போடுகிற எல்லா வீட்டுக் கல்லும் அதே நாலு மணிக்குத்தான் ஓடுகிறது. வானமாமலை தூக்கத்தை விட்டு எழுந்து மூன்று நாள் அவனைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் தனியாக வந்து பரணில் ஏறிப் படுத்துக்கொண்டார். முகேஷ் பின்னால் அழுதுகொண்டே வந்தான். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை.

காலையில் ஆட்டினால் என்ன என்று கேட்டது பொன்செல்விதான். பத்திலிருந்து ஒன்று வரை அவன் மையத்தில் இருக்கிறானே.

முருகம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "சித்திர வெயிலுட்டி இது. காலைல ஆட்டுன மாவு விடியுத வரைக்கும் நிக்குமா? பொங்கி, வழிஞ்சி, செத்துப் போவும்."

"உப்புப் போடாம வச்சா? ராத்திரி போட்டுக்கிட்டா?"

"காமர்ஸ் காலேஜில இட்லியும் சொல்லிக் குடுக்காகளா?" என்று முருகம்மாள் சிரித்தாள். ஆனால் மறுநாளைக்கான அரிசியை அன்றிரவே ஊறப் போட்டாள்.

பதினைந்தாம் தேதியிலிருந்து காலையில் ஆட்டினார்கள். பொன்செல்வி ஆறு மணிக்குப் போன் போட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் அம்மா. அடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. பொன்செல்வி தம்பியைப் பஸ்ஸில் ஏற்றிச் செம்பூர் வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியில் வாயை வைத்து, வழி முழுக்க ஒரே சுரத்தில் முனகிக்கொண்டு வந்தான். ஏழு நாள், ஏழு பூஜ்யம். ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, சரியாகக் கேட்டோமா என்று சந்தேகப்பட்டு அம்மாவுக்கு மறுபடி போன் போட்டாள்.

"இல்லட்டி. அடிக்கல. துணி காயப்போட்டுட்டு இந்தா வாசல்ல நின்னு கைதட்டுதான். வைக்கட்டா?"

மாவு வேறு கதை. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே அண்டாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. மூன்று மணிக்குப் பார்த்தபோது நடுவில் குழி விழுந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. இட்லி தட்டையாக, மஞ்சளோடிப் போய் வந்தது. வாசலைத் தாண்டியே புளிப்பு வாடை வீசியது. செம்பூர் மூலையில் வானமாமலையிடம் நாலு வருஷமாக வாங்கும் டிரைவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாராம். அதே பக்கம் சைக்கிளில் இட்லி விற்கும் இசக்கிப்பாண்டி அங்கேயே நின்று, "என்ன அண்ணாச்சி, இட்லியா புளியோதரையா?" என்று கேட்டிருக்கிறான்.

உப்பில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். புளிப்பு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் பாளம் வாங்கி, ஐஸ் தண்ணீரில் ஆட்டி, அண்டாவை ஐஸ் நிரப்பிய டப்பில் இறக்கி வைத்தார்கள். அன்று மாவு எழுந்திருக்கவே இல்லை. இட்லி கல்லாக வந்தது. முருகம்மாள் ஒன்றைக் கையில் எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது உடையாமல் உருண்டு போனது. முகேஷ் அதை ஓடிப்போய் எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தான், இன்னொரு முறை எறி என்பதுபோல.

ஐஸ் கொஞ்சம் குறைத்தால் சரியாக வரும் என்று பொன்செல்வி நினைத்தாள். எத்தனை பாளம், எத்தனை மணிக்கு மாற்றுவது என்று நோட்டின் பின்பக்கத்தில் அதற்கும் கட்டம் போட்டாள். ஒரு நாள் புளித்தது. ஒரு நாள் எழவில்லை. ஒரே ஒரு நாள் நன்றாக வந்தது. மறுநாள் அதே அளவில் செய்தார்கள், காற்றில் புழுக்கம் கூடியிருந்தது, மறுபடி புளித்தது.

இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, வானமாமலை காலை எட்டரைக்கே திரும்பிவிட்டார். அண்டா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பொன்செல்வி கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். முகேஷ் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தான். மூலையில் இசக்கிப்பாண்டி நிற்கிறான் என்று அவர் சொன்னார். அவன் பேரில் குற்றமில்லை, டிரைவர்கள்தான் அவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள், உங்கள் இட்லி சரியானதும் விட்டுத்தருகிறேன் அண்ணாச்சி என்று மரியாதையாகத்தான் சொன்னான் என்றார்.

முருகம்மாள் அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "ராத்திரி நனையப் போட்டத இன்னைக்கு காலைலயே ஆட்டிருதேன். நாளைல இருந்து நாலு மணிக்குத்தான்."

"யம்மா, ஏழு நாளா ஒரு தடவகூட அடிக்கல. நோட்டப் பாரும்மா."

"நோட்டப் பாக்க வேண்டாம்ட்டி. நான் அவங்கூடயேதான கெடக்கேன். எனக்குத் தெரியாதா?"

"டீச்சர் ஆறு மாசந்தான் கேட்டாக."

"ஆறு மாசம் அந்த மூல சும்மா கெடக்குமா? இன்னைக்கு தெரிஞ்ச பய நிக்கான். நாளைக்கு எவனோ நிப்பான். பொறவு உங்கப்பா சைக்கிளத் தள்ளிக்கிட்டு எங்கன போயி நிக்க?"

"நான் கடைய விட்டுருதேன். நாலு மணிக்கு அவன வெளிய கூட்டிட்டுப் போயிருதேன்."

"ஜூன்ல மழ கொட்டும்போது எங்க கூட்டிட்டுப் போவ? பாலத்துக்கு அடியிலயா?" முருகம்மாளின் குரல் உயரவில்லை. "நீ சம்பாதிக்கதுலதாம்ட்டி சிலிண்டர் வாங்குதோம். அதுவும் போனா இட்லிய எதுல அவிக்க? அவன் நல்லாருக்கணும்னு எனக்கு ஆச இல்லயா? பெத்தவ நான். இந்தத் தந்தா, இந்த இட்லி யாவாரம் நின்னுபோச்சுன்னா அவனுக்கு நல்லது கெட்டது பாக்க இந்த வீட்டுல ஒருத்தரும் இருக்கமாட்டோம்."

பொன்செல்வி அப்பாவைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்றாள். சாயங்காலம் ஒரு இரண்டு மணி நேரம் அவனைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்டாள்.

வானமாமலை சைக்கிளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு சர்க்கிள் சிக்னல்ல நடுரோட்டுல உக்காந்துட்டான் பிள்ளே. பஸ்ஸெல்லாம் நிக்கி. எந்திரில எந்திரிலங்கேன், கேக்கல. நான் அவன அடிச்சேன். செருப்பக் கழத்தி அடிச்சேன். ரெண்டு மூணு பேரு போன்ல படம் எடுத்தானுவ. மறுக்கா என்னால ஏலாது."

பொன்செல்வி கடைக்குப் போனாள்.

மறுநாள் அவள் அரை நாள் லீவு கேட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்காமல் எழுதியதால்தான் இத்தனை தவறு, இன்றாவது கண்ணால் பார்த்து எழுதுவோம் என்று நோட்டோடு பரண் ஏணியில் உட்கார்ந்தாள். முருகம்மாள் உளுந்தைக் கல்லில் போட்டாள். சாமி கும்பிடுகிறவள்போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

வாசலில் இருந்த முகேஷ் உள்ளே வந்தான். பொன்செல்வி ஏணியிலிருந்து இறங்கி அவன் கையைப் பிடிக்கத் தயாராக நின்றாள். அவன் கை நெற்றிக்குப் போகவில்லை. நேராகச் சுவரோரம் போய், ஒற்றை விரலால் சுவிட்சை அமுக்கினான். கல் நின்றது. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"போச்சு," என்றான்.

கரண்டு நிற்கும்போதெல்லாம் சந்து முழுக்கச் சொல்லும் வார்த்தை அது. அவன் அதைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

பொன்செல்வி மூன்றாவது கட்டத்தில், அடிக்கவில்லை, சுவிட்சை அணைத்தான், வாயால் சொன்னான் என்று எழுதினாள். வேறு வழி காட்டலாம் என்று ஷாலினி சொன்னது இதைத்தான். அடிப்பதற்குப் பதிலாக வேறொரு வழி. யாரும் சொல்லித் தராமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

முருகம்மாள் மகனின் தலையைத் தடவினாள். "ஆமா ராசா. போச்சு." கல்லில் உளுந்து பாதி அரைந்து கிடந்தது. சுவிட்சைப் போட்டாள்.

அவன் அணைத்தான். "போச்சு."

அவள் போட்டாள். அவன் சிரித்துக்கொண்டே அணைத்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். ஏழெட்டு முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. உளுந்து சூடேறிக் கெட்டுப்போகும் என்று முருகம்மாள் முணுமுணுத்தாள். நாலரை ஆனது. ஐந்து ஆனது. ஒரு ஈட்டுக்குக்கூட மாவு ஆகவில்லை.

வானமாமலை பரணிலிருந்து இறங்கி வந்தார். எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிரைண்டரின் வயரைக் கழற்றினார். அதோடு நீளமான வயர் ஒன்றைச் சேர்த்து, பரணுக்குள் கொண்டுபோய், அங்கிருந்த பிளக்கில் செருகினார். பரண் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தபடி சுவிட்சைப் போட்டார்.

கல் ஓடியது. முகேஷ் சுவரில் இருந்த பழைய சுவிட்சை அமுக்கினான். கல் ஓடியது. மறுபடி அமுக்கினான். "போச்சு," என்றான். இன்னொரு முறை பலமாக அமுக்கி, அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "போச்சு. போச்சு." முருகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவைத் தள்ளிவிட்டாள்.

அப்புறம் அவன் கை நெற்றிக்குப் போனது.

பொன்செல்வி பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே கடித்தான். விடவில்லை. மாவு ஆட்டி முடியும் வரை அவளும் அவனும் தரையில் அப்படியே கிடந்தார்கள். கல்லூரிக்குப் போகவில்லை. கையில் மஞ்சள் வைத்துக் கட்டிய பிறகு நோட்டை எடுத்து, கடைசிக் கட்டத்தில் எழுதினாள். பின்னால் நடந்தது: சுவிட்சை அவனுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினோம். இருபத்து மூன்று முறை. தவறு இருக்கலாம், எல்லாவற்றையும் எண்ண முடியவில்லை.

மறுநாள் காலை இட்லி பூவாக வந்தது. இசக்கிப்பாண்டி சொன்னபடி மூலையை விட்டுக்கொடுத்தான்.

இருபத்தெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில், எதிர்பார்த்ததற்கு மாறாக, டாக்டர் நோட்டை வாங்கி முழுக்கப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. பொன்செல்வி பக்கத்தில் நின்று இந்தியில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இப்படி ஒரு நோட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றார். உங்கள் டீச்சர் சொன்னது சரி, சத்தம்தான் காரணம், அதில் சந்தேகமில்லை என்றார். கிரைண்டரை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். வானமாமலை தலையாட்டினார், முடியாது என்று. முகேஷ் நெற்றிப்பொட்டு வீங்கி, ஒரு கண் பாதி மூடி, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, இவனை மந்தமாக்கத்தான் இருக்கிறது என்றார். அதை அவர் சங்கடத்தோடுதான் சொன்னார். முன்போல இரண்டு வேளை வேண்டாம், பகல் முழுக்க ஏன் தூங்க வேண்டும் என்று யோசித்தார். பிறகு பொன்செல்வியிடம் கேட்டார், "நாலு மணி என்பது உறுதிதானா?"

"உறுதி சார்," என்றாள் பொன்செல்வி. இத்தனை நாளில் அவளுக்குச் சந்தேகமே வராத ஒரே விஷயம் அது. "நாலு மணிக்கு மாவு ஆட்டுன ஒரு நாள்கூடத் தப்பல. நாலு பத்துக்கு முன்னால ஒரு தடவகூட இல்ல."

"அப்படியென்றால் மூன்று மணிக்குக் கொடுங்கள். நாலு மணிக்கெல்லாம் பிடித்துவிடும். கிரைண்டர் ஓடி முடியும் வரை எழுந்திருக்கமாட்டான்," என்று சொல்லிக்கொண்டே அவர் கார்டில் எழுதினார்.

அவர் எழுதி முடிக்கும் வரைதான் ஆனது, தான் என்ன பதில் சொன்னோம் என்பது அவளுக்குப் புரிய. திருத்திச் சொல்ல வாயெடுத்தாள். திருத்த அதில் தவறு எதுவும் இல்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்துக் கவுண்டரில் சீட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, அப்பாவையும் தம்பியையும் பஸ் ஏற்றிவிட்டு, அவள் கடைக்குப் போனாள். ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டாள். முருகம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் கல் ஓடும் சத்தம் கேட்டது.

"தூங்குதான்ட்டி," என்றாள் முருகம்மாள். "வீட்டுக்கு வந்ததும் குடுத்துட்டேன். மூணு மணின்னா எனக்கு நேரம் பிடிபடாது. கல்லுப் பக்கத்துலதான் கெடக்கான். ஈ மொய்க்கி, தட்டக்கூட மாட்டேங்கான்." மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கு ஒண்ணும் எழுத வேண்டாம்லா?"

எழுத வேண்டும் என்றாள் பொன்செல்வி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கட்டு உரசாமல் நோட்டைப் பிரித்தாள். பேனா மூடியைக் கடிக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய். நாலு மணிக்கு மாவு ஆட்டினார்கள். அடிக்கவில்லை. தூங்கினான். நாளைக் காலை கடைக்குப் போகும் முன் அம்மாவின் போனில் மூன்று மணிக்கு அலாரம் வைக்க வேண்டும்.